தோலின் ஈரமும் அதனை அளக்கும் வெப்பமும்

தொடுதலால் அறியும் அறிவினைப் பழந்தமிழ் நூலோர் ஊறு என வழங்கினர். உறு என்னும் முதனிலை நீண்டு ஊறு எனத் தொழிற்பெயராயிற்று. படு என்பது பாடு ஆனதும் கெடு என்பது கேடு ஆனதும் போல்வது இது. ஐம்புலன்களையும் நிரல்படக் கூறும் 27ஆம் குறளில் திருவள்ளுவரும் இச்சொல்லையே ஆள்கின்றார். தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவு வகையாற் பகுக்குமிடத்து, உற்றறிதலையே முதலறிவாக வைத்துப் புல்லும் மரமும் அவ்வோரறிவினை உடையன என்கின்றது. கிணற்றில் நீர் ஊறுதலையும் உப்பிற் காய் ஊறுதலையும் குறிக்கும் ஊறு என்பது வேறு சொல்லாகும். வடிவொப்புமை ஒன்றே கொண்டு இரண்டையும் ஒரு சொல்லெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், தொடுதலையும் ஈரம் பரவுதலையும் ஒரே வடிவம் சுட்ட நேர்ந்த இத்தற்செயல், யாம் ஈண்டு விளக்க எடுத்துக்கொண்ட பொருளுக்கு நல்லதொரு தோற்றுவாயாக அமைகின்றது. தோலின்மேல் ஒட்டி அணியப்படும் சிறிய வெப்ப உணரி ஒன்றினால் தோலின் ஈரத்தை அளந்தறியும் முறையே அப்பொருள்.

இயற்பியலுக்கும் மருத்துவத்திற்கும் உரிய இப்பொருள் தமிழாய்வு இதழில் இடம்பெறுதல் எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். இத்தகைய கருவிகள் மக்களிடம் வருங்கால் அவற்றின் பெயரும், அவை காட்டும் எண்ணுக்குரிய விளக்கமும், நோயாளியிடம் கேட்கப்படும் வினாக்களும் தமிழில் எழுதப்படுதல் வேண்டும். அப்பணி பெரும்பாலும் தமிழ் பயின்றோர் கைக்கே வரும். பொருளறியாது சொல்லாக்கின் விளையும் கேடு, வெயிலில் உழைப்பாரது உடலிற் சென்று தங்கும். குமரி மாவட்டத்து உப்பளங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காட்ட முயல்வோம்.

முதற்கண், ஈரத்தை உடல் எவ்வாறு உணர்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். மாந்தர் தோலில் வெம்மையை உணரும் நரம்பு முனைகள் உள; தண்மையை உணர்வனவும் அழுத்தத்தை உணர்வனவும் உள. ஈரத்தை உணர்தற்கெனத் தனி நரம்பு முனை இல்லை. கரப்பான்பூச்சி முதலிய பூச்சிகள் ஈரமுணரும் உறுப்பினைத் தம் உணர்கொம்பில் பெற்றிருக்கின்றன. ஆறறிவுடைய மாந்தர்க்கோ அது வாய்க்கவில்லை. தண்மையும் தொடுகையும் ஒருங்கே தோன்றும்போது, இது நனைந்திருக்கின்றது என மூளை துணிகின்றது. இரவெல்லாம் கொடியிற் கிடந்த துணியைத் தொட்டு, அது காயவில்லையோ, அன்றிக் குளிர்ந்துதான் இருக்கின்றதோ எனத் துணிய இயலாது தடுமாறுதல் யாவரும் அறிந்ததே. தடுமாற்றத்திற்குக் காரணம் இதுவே. ஈரத்தை நாம் நேரே அறிவதில்லை; வெப்பம் நம் விரலை விட்டு நீங்கும் விரைவினைக்கொண்டு உய்த்தறிகின்றோம்.

தமிழ்ச் சொற்களும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றன என்பது எம் கருத்து. தண்மையுடைய நீர் எனப் பொருள்பட்ட தண்ணீர் என்னும் சொல், நாளடைவில் நீர் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. முதலடை தன் பொருளை இழந்துவிட்டமையால், சுடுதண்ணீர் என முரணின்றி வழங்குகின்றோம். குமரி மாவட்டத்தின் மேற்பகுதியாகிய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களிற் குடிநீரையும் வெள்ளம் என்றே கூறுவர். ஆங்குக் கொதிநீர் சுடுவெள்ளம் ஆகும். அவ்வழக்கில் தண்மைக் குறிப்பு இல்லை. ஈரம் என்னும் சொல்லோ அன்பு என்னும் பொருளையும் ஏற்று நிற்பது. அது வேறொரு கட்டுரைக்கு உரிய பொருள்.

வெப்பம் நீங்கும் விரைவு என மேலே கூறினோம். இதனைத் தெளிவுறுத்த ஓர் எடுத்துக்காட்டுப் போதும். சுசீந்திரம் கோயிலில் வைகறைப் பொழுதிற் கற்றூணையும் மரக்கதவையும் தொட்டுப் பார்ப்பவர், கல் குளிர்ந்திருக்கின்றது, மரம் அத்துணைக் குளிர்ந்தில்லை என்பர். வெப்பமானி கொண்டு அளப்பின் இரண்டும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும். கருங்கல்லின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 2 முதல் 3 வாட் வரை இருக்கும், மரத்தினது 0.1 முதல் 0.2 வரையே. ஆகவே கல், கையின் வெப்பத்தை விரைந்து ஈர்த்துக்கொள்கின்றது. கை அறிவது பொருளின் வெப்பநிலையை அன்று. பொருளுக்கும் கைக்கும் இடையே பாயும் வெப்பத்தின் விரைவையே. வெப்பம், வெப்பநிலை, வெப்பக் கடத்துதிறன் என்னும் மூன்றினையும் ஒன்றாகக் குழப்புவார்க்கு இனிக் கூறப்போவது விளங்காது.

நீரின் கடத்துதிறன் மேற்கூறிய அளவையில் 0.6. உலர்ந்த தோலின் புரதப்பொருள் ஏறத்தாழ 0.2 அளவினது. அசையாக் காற்றோ 0.026 மட்டுமே. எனவே தோலில் நீர் மிகுந்தால் அதன் கடத்துதிறன் உயரும். நீர் குறைந்தால் தாழும். இவ்வொரு தொடர்பின்மேலேயே கருவி முழுவதும் நிற்கின்றது. சில மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய வெப்பமூட்டி ஒன்றும், வெப்பநிலை மாறுங்கால் தன் மின்தடை மாறும் உணரி ஒன்றும் மென்மையான சிலிக்கோன் படலத்திற் பதிக்கப்படுகின்றன. படலம் தோலின் வளைவுக்கேற்ப வளைந்து ஒட்டிக்கொள்கின்றது. தோலின் இயல்பான வெப்பநிலை முதலிற் குறிக்கப்படும். பின்னர், அளந்த சிறிய மின்னாற்றல் சில நொடிகள் செலுத்தப்படும். வெப்பம் தோலுக்குள் எளிதிற் பரவுமாயின் உணரியின் வெப்பநிலை சிறிதே ஏறும். பரவ வழியின்றித் தேங்குமாயின் மிகுதியாக ஏறும். ஏற்றம் மிகின் தோல் வறண்டது. ஏற்றம் குறையின் தோல் ஈரமுடையது. நோயாளிக்குச் சிறு வெதுவெதுப்பன்றி வேறொன்றும் தோன்றாது.

வெப்பமூட்டும் நேரம் இம்முறையில் ஆழத்தை அறுதியிடும் அளவுகோலாகவும் ஆகின்றது. வெப்பம் பரவும் தொலைவு காலத்தின் வருக்கமூலத்தை ஒத்து வளரும். தோலின் வெப்பப் பரவுதிறன் நொடிக்கு ஏறத்தாழ 0.1 சதுர மில்லிமீட்டர் எனக் கொண்டால், 1 நொடியில் வெப்பம் மூன்றிலொரு மில்லிமீட்டர் ஆழமும் 10 நொடியில் 1 மில்லிமீட்டர் ஆழமும் செல்லும். மேற்றோலின் உலர்ந்த வெளிப்படை, உள்ளங்கை உள்ளங்கால் நீங்கலான இடங்களில், 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிப்பினதே. அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கும் ஐம்பதிலொரு பங்கும். ஆகவே இக்கருவி வெளிப்படையை மட்டும் தனித்தறிவதன்று. அதனையும் அதன்கீழுள்ள உயிருள்ள படைகளையும் ஒருங்கே அறிவது. இது குறையோ நிறையோ என்பது நாம் கேட்கும் வினாவைப் பொறுத்தது.

இத்துறையில் வழிதிறந்தவர்களுள் அமெரிக்க நாட்டு அறிஞர் ஜான் ரோஜர்ஸ் என்பார் குழுவினர் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர். தோலின்மேல் ஒட்டும் மெல்லிய வெப்ப உணரி அணி பற்றிய அவர்தம் கட்டுரை, ஆர். சாட் வெப் முதலாசிரியராக, 2013ஆம் ஆண்டில் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் வெளிவந்தது. 2020ஆம் ஆண்டில், சுரபி மத்வபதி முதலாசிரியராக அமைந்த மற்றொரு கட்டுரை ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளிவந்தது. அழற்சியுடைய தோல்நோய்களைக் குறைந்த செலவில், எவ்வகைச் சூழலிலும் கண்காணிக்கத்தக்க ஈரவுணரி என்பது அதன் பொருள். 2021ஆம் ஆண்டிற் கம்பியின்றிச் செய்தி அனுப்பும் கருவியாக அது மேலும் வளர்ந்தது. கரப்பான் எனச் சித்த மருத்துவர் வழங்கும் நோய்வகையை ஒத்த அழற்சியில், தோல் தன் நீரைக் காக்கும் ஆற்றலை இழக்கின்றது. புண்பட்ட இடமும் படாத இடமும் ஈரத்தால் வேறுபடுதலை எண்ணாற் காட்டுவதே இக்கருவிகளின் முதன்மை நோக்கம். உடல் முழுவதின் நீர்நிலையைக் கூறுவது அந்நோக்கமன்று என்பதனை இங்கேயே குறித்துவைக்க விரும்புகின்றோம்.

இனி, நம் மரபு மருத்துவத்தையும் ஒருவாறு நோக்குதல் தகும். சித்த மருத்துவர் நோயறியும் எண்வகைத் தேர்வினுள் பரிசம் அல்லது மெய்க்குறி என்பது ஒன்று. உடலைத் தொட்டு வெம்மை, தண்மை, வியர்வை, வறட்சி ஆகியவற்றை அறிதல் அதன் தொழில். அழல் மிக்க உடல் வெம்மையாகவும் ஐயம் மிக்க உடல் தண்மையாகவும் இருக்கும் என்பது அந்நூலார் கொள்கை. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி நடைபெறும் இம்மாவட்டத்தில் இத்தேர்வு ஏட்டளவில் நின்றுவிடவில்லை, இன்றும் கற்பிக்கப்படுகின்றது. புதுக்கருவியும் பழைய கையும் அளப்பது வெப்பத்தின் பாய்வையே என்பது உண்மை. அதுகொண்டு, இக்கருவியை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என எழுதப் புகுவாரும் உளராவர். அது கொள்ளத்தக்கதன்று. கையானது தன் வெப்பநிலையையும், தொடப்படும் தோலின் வெப்பநிலையையும், அதன் ஈரத்தையும், வியர்வை ஆவியாகுங்கால் எழும் குளிர்ச்சியையும் ஒன்றாகக் கலந்தே அறியும், பிரித்தறியாது. மருத்துவன் தன் பயிற்சியாற் பிரித்துணர்வான். எனினும் அதனை மற்றொருவர்க்கு எண்ணாகக் கூற இயலாது. முன்னோர் பெருமை இத்தகைய ஏற்றுரைகளை வேண்டி நிற்பதன்று.

நாஞ்சில் நாடு என்பது சிறப்பாகத் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களையே குறிக்கும். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டம் முழுவதையும் அப்பெயரால் வழங்குதல் பிற்கால வழக்கு. சிறிய இம்மாவட்டத்தினுள்ளேயே மழையளவு மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் குறைந்து செல்கின்றது. குலசேகரம் பகுதியின் இரப்பர்த் தோட்டங்களில் ஈரக்காற்று நிலவ, ஆரல்வாய்மொழிக் கணவாயிலோ மேல்காற்று வறண்டு விரைந்து வீசும். கோடை என்னும் சொல் மேல்காற்றையும் வேனிலையும் ஒருங்கே சுட்டுவதன் பொருத்தத்தை அவ்வூரார்க்கு உரையாசிரியர் விளக்க வேண்டுவதில்லை. முப்பந்தலின் காற்றாலைகள் நாள்தோறும் விளக்குகின்றன. மேற்றோலின் வெளிப்படை, சூழ்ந்த காற்றின் ஈரத்திற்கேற்பத் தன் நீரைப் பெறுவதும் இழப்பதுமாக இருத்தலின், ஒருவரே காலையிற் குலசேகரத்திலும் மாலையில் ஆரல்வாய்மொழியிலும் அளக்கப்படின் இருவேறு எண்களைத் தருவர். காற்று கருவியையும் குளிர்விக்கும். அதன்மேல் காப்புறை இல்லையேல், வெப்பம் தோலுக்குள் சென்றதோ காற்றிற் சென்றதோ எனப் பிரித்தறிய இயலாது. உழைத்து வந்தவரின் தோலில் குருதியோட்டம் மிகுந்து வெப்பத்தை வாரிச் செல்லுமாதலின், அதுவும் ஈரம்போலத் தோன்றி மயக்கும். ஆய்வுக்கூடங்களில் அளவிடப்படுவோரைக் குளிரூட்டிய அறையில் அரைமணி அளவு இருத்திய பின்னரே அளப்பர். உப்பளத்து வரப்பில் அதற்கு இடமேது?

புத்தளம், சாமிதோப்புப் பகுதிகளில் உப்பளங்கள் உள. நெய்தல் நிலத்து உமணர் வழி வந்த இத்தொழிலில், பாத்தியில் உப்பு வாருவோர் மேலிருந்து வெயிலையும் கீழிருந்து உப்பின் வெண்மை திருப்பியனுப்பும் ஒளியையும் ஒருங்கே ஏற்கின்றனர். தோலின் ஈரத்தை அளக்க இதுகாறும் பெரிதும் வழங்கிவரும் கருவிகள் மின்னியல் சார்ந்தவை. நீரின் மின்காப்பெண் ஏறத்தாழ 80 ஆகவும் உலர்ந்த பிற பொருள்களினது மிகக் குறைவாகவும் இருத்தலை அவை பயன்கொள்கின்றன. சில கருவிகள் மின்கடத்தலை அளக்கின்றன. உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவது. உப்பளத் தொழிலாளியின் கையிற் படிந்த உப்புநீர்ப் படலமும் உப்பேறிய வியர்வையும் அக்கருவிகளை ஏமாற்றும்; வறண்ட தோலையும் ஈரமுடையதென அவை கூறிவிடும். வெப்பமுறைக்கு இவ்விடையூறு பெரிதும் இல்லை. நன்னீரின் கடத்துதிறனுக்கும் உப்புநீரின் கடத்துதிறனுக்கும் வேறுபாடு சிறிதே. ஆயினும் காய்ந்து பொரிந்த உப்புப் படிவு வேறுவகையது. திண்ம உப்பு நீரினும் பத்து மடங்கு அளவில் வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே தோலைக் கழுவித் துடைத்த பின்னரே கருவியை ஒட்டுதல் வேண்டும்.

கருவி செம்மையாக அமைந்து, எண்ணும் பிழையின்றி வருகின்றது எனவே கொள்வோம். அவ்வெண் எதனைக் கூறுகின்றது? தோலின் ஈரத்தைக் கூறுகின்றது, அவ்வளவே. கடும் வெயிலில் உழைப்பவர் மணிக்கு 1 லிட்டர் வரை வியர்வையாக இழத்தல் கூடும். அந்நிலையில் அவர் தோல் நனைந்து ஊறியிருக்கும். உடலோ நீரின்றித் தவிக்கும். முதியோரிடம் இதன் மறுதலையைக் காணலாம். தோல் வறண்டு செதிலுதிர, உடலில் நீர் போதிய அளவில் இருக்கும். வயிற்றுப்போக்குற்ற குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டு, அது மீளும் விரைவைக் காணுதல் மருத்துவர் கையாளும் முறை. மீள 2 நொடிக்கு மேலாயின் நீர் பெரிதும் குறைந்தது எனக் கொள்வர். அது தோலின் மீள்திறனைக் கொண்டு உடலின் நீரை உய்த்தறிவது. முதியோர் தோல் இயல்பாகவே தளர்ந்திருத்தலின் அவர்க்கு அது பொருந்துவதன்று. தோலின் ஈரம், தோல்மேல் நிற்கும் வியர்வை, உடலின் நீர் என்னும் மூன்றும் வெவ்வேறானவை. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடம் வெப்பத்தின் தாக்கமும் சிறுநீரகச் செயற்பாட்டுக் குறைவும் காணப்படுதல் பற்றிச் சென்னைச் சிறீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் 2023ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். சிறுநீரகம் கேட்பது உடலின் நீரை. ‘உமது ஈரம் நிறைவாக உளது’ என ஒரு கருவி தமிழிற் கூற, அதை நம்பி நீரருந்தாது மேலும் இரண்டு மணி நேரம் உப்பு வாரும் ஒருவரை எண்ணிப் பார்க்கின், சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று என்பது விளங்கும்.

ஆங்கிலத்தில் ‘ஹைடிரேஷன்’ என்னும் ஒரே சொல் மேற்கூறியவற்றுள் இரண்டையும் குறித்து நிற்கின்றது. அதனை அப்படியே பெயர்த்து நீரேற்றம் என இன்று பலரும் எழுதுகின்றனர். வேதியியலில் மூலக்கூறு நீரை ஏற்றலைக் குறிக்க அச்சொல் தகும். உடலுக்கு அது தகாது. நீரேற்று நிலையம் என்னும் பெயர்ப்பலகையை நாள்தோறும் காணும் மக்கள், நீரேற்றம் எனின் நீரை மேலே இறைத்தல் என்றே கொள்வர். தோலுக்குள் நீரை எவரோ செலுத்துவர் எனவும் அஞ்சுவர். மேலும், இஃது ஏற்றும் செயலைக் குறிக்குமேயன்றி, இருக்கும் நிலையைக் குறியாது.

தோலுக்கு ஈரப்பதம் என்னும் சொல்லை யாம் பரிந்துரைக்கின்றோம். காற்றின் ஈரப்பதம் வானிலை அறிக்கையால் அறிந்த சொல். அதனினும் மேலாக, கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைக் காலங்களில் நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு செல்லும் நாஞ்சில் நாட்டு உழவர்க்கு ஈரப்பதம் என்பது வாழ்வோடு ஒட்டிய சொல்; நூற்றுக்கு 17 என்னும் வரம்பு மீறின் நெல் மீண்டுவிடும். ஆங்கே நெல்லில் வைத்துப் பார்க்கும் ஈரமானியும் மின்னியல் முறையில் இயங்குவதே; தோலுக்குரிய மின்கருவியின் உடன்பிறப்பு எனலாம். ஈரப்பதம் ஒரு பொருளுள் தங்கிய நீரின் அளவு என்னும் தெளிவு உழவரிடம் ஏற்கெனவே உளது. அதனைத் தோலுக்கு நீட்டுதல் எளிது.

உடலின் நீருக்கு அச்சொல்லை ஒருகாலும் ஆளலாகாது. நீர்நிலை எனின் குளத்தையும் ஏரியையும் குறித்துவிடும். மக்கள் வழக்கிலுள்ள நீர்ச்சத்து என்பது வடசொற் கலப்புடையது எனத் தனித்தமிழன்பர் ஒதுக்குவர். ஆயினும் அதன் பொருள் மயங்குவதில்லை. நீர்ச்சத்துக் குறைவு எனின் நீரருந்த வேண்டும் என்பது கல்லாதார்க்கும் விளங்குகின்றது. இதற்கு மாற்றாக வழங்கிவரும் நீரிழப்பு என்பது தூய சொல்லே. எனினும் நீரிழிவு என்னும் நோய்ப்பெயரோடு செவிக்கு மிக நெருங்கி ஒலிப்பது. கூட்டம் மிக்க புறநோயாளர் பகுதியில், காது மங்கிய முதியவர் ஒருவர்க்கு நீரிழப்பு உளது எனக் கூறின், தமக்குச் சருக்கரை நோய் வந்துவிட்டதென அவர் கொள்ளுதல் வியப்பன்று. தூய்மைக்கும் தெளிவுக்கும் இடையே ஒன்றைத் தெரிய நேருங்கால், மருத்துவத்தில் யாம் தெளிவின் பக்கமே நிற்போம். ஏட்டில் எழுதுங்கால் உடல்நீர்க் குறைவு எனலாம். வாய்மொழியில் நீர்ச்சத்துக் குறைவே நிற்கட்டும்.

கருவிக்குத் தோலீரமானி என்னும் பெயர் பொருந்தும். வெப்பமானி, ஈரமானி என்னும் அமைப்பை ஒட்டியது அது; உடல் என்னும் சொல் அதனுள் வாராமையும் ஒரு நன்மையே. அணியத்தக்கது என்பதனைச் சுட்ட வேண்டுமிடத்து அணிதோலீரமானி என நீட்டின் நாவிற்கு இடராகும். ஒட்டுமானி எனச் சுருக்குதலும் உண்டு என்பாரை யாம் மறுக்கவில்லை. அதன் முகப்பில் எண்ணுக்குக் கீழே ‘தோலின் ஈரப்பதம்’ என முழுமையாகப் பொறித்தல் வேண்டும். உப்பளம் போன்ற இடங்களில் அது பயன்படுமாயின், அடுத்த வரியிலேயே ‘வியர்த்திருப்பின் இவ்வெண்ணைக் கருதாது நீரருந்துக’ எனவும் பொறித்தல் வேண்டும். விளவங்கோட்டுப் பகுதிக்கு அனுப்பும் கருவிகளில் நீரருந்துக என்பதோடு வெள்ளம் குடிக்க எனவும் சேர்த்து எழுதலாம். தோவாளையார் அதனைப் பெருக்கெடுத்த ஆற்றுநீர் எனக் கருதுவராதலின், அவ்வட்டத்திற்கு அது வேண்டா.